மூட்டை ஏற்றும் சைக்கிளுக்கு எந்த பிரேம்: குரோமோலியா, அலுமினியமா?

வாரநாட்களில் அலுவலகம், நீண்ட விடுமுறை வந்தால் பின் கேரியரில் 15–20 கிலோவோடு வெளியூர். இரண்டுக்கும் ஒரே சைக்கிள் என்றால் நான் குரோமோலி ஸ்டீல் (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு) பக்கம். வாங்கியதும் அதுதான். கார்பன் பிரேமில் சுமை ஏற்றி ஓட்டிய பழக்கம் எனக்கில்லை, ஆகவே அதை இங்கே சேர்க்கவில்லை.

எடையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஒரே அளவில் அலுமினிய பிரேம் ஏறத்தாழ அரை கிலோ குறையும். மூட்டை ஏறிய பிறகு அது தெரியாது. ஸ்டீல் மென்மையாக ஓடும் என்பதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 38 மி.மீ. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தாலே அதைவிடக் கூடுதல் சுகம் கிடைக்கும்.

அலுமினியம் சுமை தாங்காது என்று சொல்வோர் உண்டு. அது தவறு. நெதர்லாந்தின் கோகா நிறுவனம் நெடும்பயணத்துக்கென்றே அலுமினிய சைக்கிள் செய்கிறது. அமெரிக்காவின் கேனன்டேல் நிறுவனத்தின் பழைய டி வரிசை நெடும்பயண சைக்கிள்களும் அலுமினியமே. தினசரி போக்குவரத்து மட்டும் போதும், மழையில் நிறுத்த வேண்டியிருக்கும், பராமரிக்க நேரமில்லை என்பவர்கள் தயங்காமல் 6061 (ஒரு அலுமினியக் கலவையின் எண்) ஹைப்ரிட், அதாவது பந்தய வண்டிக்கும் மலை வண்டிக்கும் இடைப்பட்ட சைக்கிள், வாங்கலாம்.

என்னை ஸ்டீல் பக்கம் இழுத்தது ஒரே விஷயம்: பின்பகுதியில் ஏதாவது கெட்டால், இருக்கும் ஊரிலேயே சரிசெய்ய முடிகிறதா என்பது. மூட்டையின் பாரம் முழுக்க பின்சக்கர அச்சு உட்காரும் பிளவைச் சுற்றித்தான் விழுகிறது. கேரியர் போல்ட், கியர் மாற்றி தொங்கும் காது, வெல்டு மூட்டுகள் எல்லாம் அங்கேதான்.

முதலில் கியர் காது. பஸ் மேலே ஏற்றும்போதோ ரயிலிலோ வண்டி வலப்பக்கம் சாய்ந்தால் அது வளையும். ஸ்டீலில் காது பிரேமோடு ஒன்றாக இருந்தால் மெதுவாக நிமிர்த்திவிடலாம். அலுமினியத்தில் கழற்றி மாற்றும் காது வரும். பெரும்பாலும் மாடலுக்கு மாடல் வடிவம் வேறு. உதிரி ஒன்று பையில் இல்லையென்றால் பயணம் அங்கேயே நிற்கும். அலுமினியம் வாங்குவோர் வண்டியோடு சேர்த்தே இரண்டு காது வாங்கி வைக்க வேண்டும்.

அடுத்தது கேரியர் போல்ட். 5 மி.மீ. மரை (எம்5). சாலை அதிர்வில் தளர்ந்து, தளர்ந்தபடியே ஓடி, மரையை அரைக்கும். அலுமினியத்தில் மரை சீக்கிரம் போகும். ஸ்டீலில் போனாலும் டேப் என்ற மரை வெட்டும் கருவியால் 6 மி.மீ. மரை போட்டு மீட்கலாம். எந்த உலோகமானாலும் கொஞ்சம் நீளமான போல்ட் போட்டு, பின்னால் நைலான் லாக்நட் வையுங்கள். போல்ட் உடைந்தாலும் துண்டை அந்தப் பக்கமிருந்து பிளையரால் திருகி எடுக்கலாம். வலப்பக்கம் மட்டும் எச்சரிக்கை: போல்ட் முனை அதிகம் நீண்டால் சிறிய பல்சக்கரத்தில் ஓடும் செயினை உரசும்.

மூன்றாவது விரிசல். 6061 அலுமினியத்தின் பலம் வெப்பப் பதப்படுத்தலில் வருகிறது. ஆர்கான் வெல்டிங் கடையில் ஒட்ட முடியும். ஆனால் சூடுபட்ட இடத்தில் பலம் ஏறத்தாழ பாதியாகிவிடும். பிரேம் முழுவதையும் மறுபடி பதப்படுத்தினால்தான் அது திரும்பும், சாதாரணப் பட்டறைகளில் அதற்கு வசதி இருக்காது. குரோமோலியைப் பித்தளைக் கம்பி வைத்து கேஸில் ஒட்டலாம். சாதாரண ஆர்க் வெல்டிங் வேண்டாம்: பட்டட் குழாயின் (முனைகள் தடித்து நடுவில் மெலிந்த குழாய்) நடுப்பகுதி பல பிரேம்களில் 0.6 மி.மீ. கனம்தான், ஓட்டை விழும்.

இதற்குக் கொடுக்கும் விலை துரு. ஸ்டீல் வெளியே அரிப்பதைவிட உள்ளே அரிப்பதுதான் ஆபத்து, கடலோர ஊர்களில் இன்னும் அதிகம். சீட் போஸ்ட் பிளவு வழியாக இறங்கும் தண்ணீர் பெடல் அச்சுக் கூட்டில் தேங்கும். அங்கே வடிதுளை இருந்தால் அடைபடாமல் பாருங்கள். ஆண்டுக்கொரு முறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன், சீட் போஸ்ட்டையும் பெடல் அச்சையும் கழற்றிக் குழாய்களுக்குள் ஆளிவிதை எண்ணெய் ஊற்றி, எல்லாப் பக்கமும் படும்படி பிரேமைத் திருப்பி, மிச்சத்தை வடியவிட்டுச் சில நாள் காயவிடுங்கள். காய்ந்து படலமாகிவிடும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், தண்ணீரில் நனைத்துவிடுங்கள். ஸ்டீல் பிரேமில் அலுமினிய சீட் போஸ்ட் இருந்தால் சில மாதத்துக்கொரு முறை உருவி கிரீஸ் தடவ வேண்டும். விட்டால் இரண்டும் இறுகிக்கொள்ளும்.

உலோகம் எதுவானாலும் பெடல் அச்சிலிருந்து பின்சக்கர அச்சு வரையுள்ள நீளத்தை அளந்து பாருங்கள். பந்தய வண்டிகளில் 410 மி.மீ. அளவில் இருக்கும், பெடல் சுற்றும்போது குதிகால் பையில் இடிக்கும். 440க்குக் குறையாமல் இருக்கட்டும். அமெரிக்காவின் சர்லி நிறுவனம் முன்பு செய்த லாங் ஹால் டிரக்கர் என்ற நெடும்பயண சைக்கிளில் இது 460. குட்டையான பின்பகுதியில் பையைப் பின்னுக்குத் தள்ளி மாட்டினால் இறக்கத்தில் ஹேண்டில் ஆடத் தொடங்கும்.

கடையில் 'ஸ்டீல்' என்றதும் குரோமோலி என்று நினைத்துவிடக் கூடாது. விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் ஹைடென்சைல் என்ற சாதாரண ஸ்டீல்தான். விறைப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். பலம் குறைவென்பதால் குழாயைக் கனமாக்கியிருப்பார்கள். 4130 (குரோமோலியின் தர எண்) என்ற ஸ்டிக்கர் மூன்று முக்கியக் குழாய்களுக்கு மட்டும்தானா, ஃபோர்க்கும் பின்குழாய்களும் சேர்த்தா என்று கேளுங்கள். சுமை தாங்குவது பின்குழாய்.

பழைய பிரேம் வாங்கினால் பெயிண்ட் குமிழ்த்த இடங்களை நகத்தால் கீறிப் பாருங்கள். பிறகு பின் அச்சுப் பிளவின் ஒரு பக்கத்தில் நூல் கட்டி, முன்தலைக் குழாயைச் சுற்றி மறுபக்கப் பிளவுக்கு இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் 1–2 மி.மீ.க்குள் ஒத்திருக்க வேண்டும். அதைவிடக் கோணினால், குரோமோலியை விவரம் தெரிந்த பிரேம்காரர் நிமிர்த்திக் கொடுப்பார். அலுமினியத்தை வாங்காமல் விட்டுவிடுங்கள்.