‘இடிதாங்கிப் பெட்டி’ என்று விற்கிறார்கள், வாங்கிவிடாதீர்கள்

டெல்டா பக்கம் பழைய வால்வு ரேடியோ ரிசீவர் வைத்திருப்பவர்கள் மழைக்காலத்துக்கு முன்பே இதைப் படித்துவிடுங்கள்.

கும்பகோணம் பக்கத்தில் என் வீடு. சுற்றிலும் வயல், தென்னைக்குத் தென்னை இழுத்துக் கட்டிய நீள ஏரியல். செட் ஆர்.சி.ஏ. ஏஆர்88, இரண்டாம் உலகப் போர்க் காலத்தது, 14 வால்வு. இந்த மாதிரி செட்டுகளில் ஏரியல் வந்து சேரும் காயில்தான் முதலில் போகும். இடி நேராக விழ வேண்டியதே இல்லை, பக்கத்து வயலில் விழுந்தாலே போதும்.

அதற்காகத்தான் ஏரியலுக்கும் செட்டுக்கும் நடுவே மாட்டும் அந்த ‘இடிதாங்கிப் பெட்டி’யை ஒரு கடையில் வாங்கினேன், 4,500 ரூபாய். கடைக்காரர் தன் ரேடியோவில் மாட்டி, மீடியம் வேவில் திருச்சி வானொலியை (936 கிலோஹெர்ட்ஸ்) போட்டுக் காட்டினார். “பாருங்க சார், சத்தம் கொஞ்சமாவது குறையுதா?” குறையவில்லைதான். வீட்டில் மாட்டியதும் 15 மீட்டர் பேண்டே, அதாவது 21 மெகாஹெர்ட்ஸ் ஷார்ட் வேவே, செத்துவிட்டது. போன் செய்தால், “கண்டிஷன் சரியில்ல சார்” என்றார், வானத்தில் அலை சரியாக வரவில்லை என்ற அர்த்தத்தில்.

ஐப்பசியில் ஒருநாள் மாலை கொஞ்ச தூரத்தில் இடி விழுந்தது. வீட்டில் ஒரு பல்புகூடப் போகவில்லை. ஏரியல் காயில் போய்விட்டது. “பழைய காயில் சார், தானா போயிருக்கும்” என்றார். பணமும் தரவில்லை.

பெட்டிக்குள் ஊற்றியிருந்த கறுப்பு எபாக்ஸியைச் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே 471 என்று அச்சிட்ட ஒரே ஒரு நீல வில்லை. கரண்ட் லைனுக்குப் போடுகிற வேரிஸ்டர் அது (வோல்டேஜ் எகிறினால் அதைத் தன் வழியே கடத்திவிடும்), சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். 470 வோல்ட் வாக்கில்தான் அது வேலையே தொடங்கும், காயில் அதுவரை தாங்காது. போதாக்குறைக்கு அந்த வில்லையே நூற்றுக்கணக்கான பிகோஃபாரட் கெபாசிட்டர் மாதிரி. மீடியம் வேவில் அது அவ்வளவாகத் தெரியாது, 21 மெகாஹெர்ட்ஸில் சிக்னலை அப்படியே எர்த்துக்குத் தள்ளிவிடும். திருச்சியைப் போட்டுக் காட்டியதன் சூட்சுமம் இதுதான்.

உண்மையில் வேண்டியது 90 வோல்ட் கேஸ் டிஸ்சார்ஜ் ட்யூப் (வோல்டேஜ் எகிறினால் எர்த்துக்குக் கடத்திவிடும் வாயுக் குழாய்), ஏரியலில் சேரும் ஸ்டாட்டிக் வடிய எர்த்துக்கு ஒரு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஒழுங்கான எர்த். பாதுகாப்புக்கு எதிரெதிராக இரண்டு டயோடு போடலாம் என்பார்கள். திருச்சி நிலையம் பலமாக வரும் இடங்களில் அதனால் இல்லாத ஸ்டேஷன்கள் எல்லாம் கேட்கும், பார்த்துக்கொள்ளுங்கள். நேரடி இடியை எதுவும் தாங்காது. மேகம் கறுத்தாலே ஏரியலைக் கழற்றி வெளியிலேயே எர்த் செய்துவிடுங்கள்.

சாம்பல் நிற அலுமினியப் பெட்டி, இரண்டு பக்கமும் பிஎன்சி சாக்கெட் (ஏரியல் கேபிள் மாட்டும் வட்ட சாக்கெட்), திருகே இருக்காது. யாராவது காட்டினால், 21 மெகாஹெர்ட்ஸில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.