டிரை டார்ட்டூகாஸ்: போன படகிலேயே திரும்பலாமா, கூடாரம் போடலாமா?

டிரை டார்ட்டூகாஸ் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள தீவுக்கூட்டம். கீ வெஸ்ட் ஊரிலிருந்து கடலில் சுமார் 110 கிலோமீட்டர், கடைசியில் ஒரு கோட்டையும் கொஞ்சம் மணலும்தான். சாப்பாட்டுக் கடையும் இல்லை, குடிதண்ணீரும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை.

செலவு
பகல் பயணம்: படகுக் கட்டணம் 200 டாலருக்கு மேல். காலைச் சிற்றுண்டி, மதியச் சாப்பாடு அதிலேயே அடக்கம்.
கூடாரம்: படகுக் கட்டணம் இன்னும் கூடுதல். ஒரு நாளைக்கு ஏற்றிக்கொள்ளும் முகாம்காரர்கள் சிலரே, அதனால் பல மாதம் முன்பே இடம் பிடிக்க வேண்டும்.

நேரம்
பகல்: போக இரண்டேகால் மணி, வர இரண்டேகால் மணி, தீவில் நாலு மணி நேரம்தான். 1 கோடியே 60 லட்சம் செங்கல்லில் எழுப்பிய ஜெஃபர்சன் கோட்டையைச் சுற்றிவிட்டு, அகழிச் சுவரோரம் ஸ்நார்க்கல் (மூச்சுக்குழாய்) போட்டு மீன் பார்க்க ஆரம்பிக்கும்போதே கிளம்பும் நேரம் வந்துவிடும்.
கூடாரம்: மூன்று மணிக்குப் படகு போனதும் கூட்டமும் போய்விடும். அப்புறம் கடல் முழுக்க உங்களுக்குத்தான்.

சிரமம்
பகல்: அலை அடித்தால் குமட்டும், அவ்வளவுதான்.
கூடாரம்: தண்ணீர் முழுக்க நீங்களே சுமக்க வேண்டும், குப்பையும் திரும்ப உங்களோடுதான். கேஸ் அடுப்பைப் படகில் ஏற்ற விடமாட்டார்கள், கரி கொண்டு போகலாம். சாப்பாட்டை கெட்டியான பெட்டியில் பூட்டி வையுங்கள், எலி விடாது!

சின்னக் குழந்தை, வயதான பெற்றோர் கூட வந்தால் பகல் பயணமே சரி. நீந்தத் தெரிந்த நாலு நண்பர்கள் என்றால் யோசிக்காமல் கூடாரம்.