மதத் இணையதளம்: எங்கள் அத்தானை ஊருக்குக் கொண்டுவந்த புகார்

கடற்கரை ஊர்களில் இதைப் பற்றி நிறையப் பேருக்குத் தெரியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். மதத் என்பது வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட இந்தியர்களுக்காக வெளியுறவு அமைச்சகம் நடத்தும் புகார் இணையதளம். இந்தியில் உதவி என்று பொருள்.

அக்காவின் கணவர் சவுதியில் கட்டீஃப் பக்கம் மீன்பிடிக்கப் போனவர். ஏழு மாதமாகப் பங்குக் காசு வரவில்லை, பாஸ்போர்ட் அரபியின், அதாவது அங்கே வேலைக்கு வைத்த முதலாளியின் கையில், இக்காமா என்கிற தங்கும் அனுமதியும் முடிந்துவிட்டது. அனுப்பிவிட்ட ஏஜென்ட் எங்கள் நம்பரைப் பார்த்தாலே போனை எடுப்பதில்லை. எங்கள் ஊர் இனயத்தில் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம், ஃபாதரிடம் போய்ச் சொன்னோம், திங்கள்கிழமை நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறி கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தோம். அந்த மனு அடுத்து எங்கே போகும் என்று அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெரியாது. வெளிநாட்டு விவகாரம், தூதரகம், பாஸ்போர்ட் எல்லாம் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மத்திய அரசுப் பட்டியலில் இருக்கின்றன. கலெக்டர் வாங்கினாலும் சென்னையில் வாங்கினாலும் அது டெல்லிக்குப் போய்த்தான் ரியாத் தூதரகத்துக்குத் திரும்ப வேண்டும். மதத்தில் பதிந்தால் அந்தச் சுற்று மிச்சம்.

பதிவது கஷ்டமில்லை. போன் நம்பர், மின்னஞ்சல் கொடுத்துக் கணக்குத் தொடங்கி, நாட்டையும் தூதரகத்தையும் பிரச்சினை என்ன வகை என்பதையும் தேர்ந்தெடுத்து, பாஸ்போர்ட் நகலை ஏற்ற வேண்டும். நாங்கள் கொஞ்சம் தடுமாறியது ஒரே இடத்தில்தான். நம் ஆட்கள் அங்கே மாதச் சம்பளத்துக்குப் போவதில்லை, பிடிக்கிற மீனில் பங்கு, அதில் சாப்பாடு, ஐஸ், டீசல் எல்லாம் கழித்துக் கணக்கு. சம்பளம் தரவில்லை என்று மட்டும் எழுதினால் அது யாருக்கும் புரியாது. எந்த மாதம் வரை பங்கு வந்தது, எவ்வளவு பாக்கி, படகு எந்தத் துறையில் கிடக்கிறது என்று விவரம் எழுதும் இடத்தில் விலாவாரியாக எழுதினோம். ஒரு புகார் எண் கிடைத்தது. புகார் யார் கையில் இருக்கிறது என்று அதை வைத்து வீட்டிலிருந்தே பார்க்கலாம். நாள் தள்ளிப்போனால் நிறம் மாறி மேலதிகாரியின் பார்வைக்கு ஏறிவிடும். அக்கா தினமும் காலையில் ஜெபம் முடிந்ததும் அதைத்தான் திறந்து பார்ப்பாள். தூதரகத்திலிருந்து அத்தானுக்கே போன் வந்த அன்றைக்கு வீட்டில் எல்லோரும் அழுதுவிட்டோம். பதிந்து 52-ஆம் நாள் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கினார். பங்குக் காசு முழுதும் வரவில்லை, அது வேறு கதை.

சுஷ்மா சுவராஜ் வெளியுறவு அமைச்சராக இருந்தபோது 2015 பிப்ரவரியில் தொடங்கியது இது. அந்த நாற்காலியின் வரலாற்றைப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும். 1946 இடைக்கால அரசிலிருந்து 1964-இல் சாகும் வரை நேருவே அந்தத் துறையையும் கையில் வைத்திருந்தார். தூதர்கள், மாநாடுகள், ஒப்பந்தங்கள் என்று உயரத்திலேயே நடந்த வேலை அது. அந்த உயரத்து வேலையையும் குறைவாகச் சொல்ல மாட்டேன், குமரிமுனைக்குத் தெற்கே நம் படகுகள் போகிற வாட்ஜ் பேங்க் என்கிற மீன்வளமுள்ள கடல்பகுதி மீது இந்தியாவுக்குத்தான் உரிமை என்று எழுதி வாங்கியது 1976 மார்ச்சில் இலங்கையோடு நடந்த கடிதப் பரிமாற்றத்தில்தான். ஒய்.பி. சவான் அப்போது அமைச்சர். கச்சத்தீவைப் பேசுகிற அளவுக்கு இதை யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம். 1990-இல் குவைத்தில் போர் வந்தபோது அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் நேராகப் பாக்தாத் போய்ப் பேசினார், ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களை விமானத்தில் கொண்டுவந்தார்கள். ஆனால் ஒற்றை ஆள் ஒரு படகில் மாட்டிக்கொண்டால் அவன் வீட்டார் யாரிடம் போவது? வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கென்று 2004-இல் தனி அமைச்சகமே தொடங்கி, 2016-இல் அதை வெளியுறவோடு சேர்த்தார்கள். இப்போது ஒரே வாசல், எனக்கு அது நல்லதாகவே படுகிறது.

மதத்தால் ஆகாததும் உண்டு. தூதரகம் பேசும், வக்கீல் வைக்க வழி சொல்லும், பாஸ்போர்ட் கிடைக்காவிட்டால் ஊர் திரும்ப மட்டும் உதவும் அவுட்பாஸ் என்கிற தாளைக் கொடுக்கும், ஆனால் காசு விஷயத்தில் தீர்ப்பு சொல்வது அந்த நாட்டு நீதிமன்றம்தான். அரபி ஹுரூப் போட்டுவிட்டால், அதாவது ஆள் ஓடிப்போய்விட்டான் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை இரண்டு மடங்கு. அதனால் ஏழு மாதம் பொறுக்காதீர்கள், நாங்கள் செய்த தப்பு அது. இரண்டாவது மாதமே பதிந்திருக்க வேண்டும்.

அப்புறம் விசிட் விசாவில் தொழிலுக்குப் போகிற பழக்கம். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக இமைகிரேட் என்கிற அரசு இணையதளம் வழியாக அனுமதி வாங்க வேண்டும், அதோடு பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் எடுக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375, விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம். ஏஜென்ட் விசிட் விசாவில் ஏற்றிவிட்டால் இந்த இரண்டுமே கிடையாது. ஒரு வலை வாங்குகிற காசில் எத்தனை பங்கு இது, யோசித்துப் பாருங்கள்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். வீட்டில் யாராவது போகிறார்கள் என்றால் கிளம்பும் முன்பே பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றையும் போட்டோ எடுத்து வீட்டுப் பெண்கள் போனிலும் வைத்துவிடுங்கள், அரபியின் பெயரும் போன் நம்பரும் சேர்த்து. எங்கள் அக்காவிடம் பாஸ்போர்ட் நகல் இருந்ததால்தான் மதத் பற்றித் தெரிந்த அன்று ராத்திரியே பதிய முடிந்தது.