வெள்ளம் உள்ளே வருமா, புகை வெளியே போகுமா?

ஆற்றங்கரையில் ஒரு சிமென்ட் ஆலை. வெள்ளம் வந்தால் உற்பத்தி நிற்கும். கார்பன் வரி வந்தால் லாபம் குறையும். கம்பெனிகள் பருவநிலை பற்றி முதலீட்டாளருக்கு அறிக்கை தருவதற்கான சர்வதேச விதி, 2023 ஜூனில் வெளியான ஐஎஃப்ஆர்எஸ் எஸ்2. அது கேட்பது இதைத்தான்: பருவநிலையால் கம்பெனியின் பணவரவுக்கும் மூலதனம் திரட்ட ஆகும் செலவுக்கும் என்ன ஆகும்? ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிக்கை விதியான இஎஸ்ஆர்எஸ் இன்னொரு கேள்வியையும் சேர்க்கிறது: ஆலையின் புகையால் ஊருக்கு என்ன ஆகிறது?

ஒரு கேள்விதானே என்று எஸ்2வை லேசானது என்று நினைக்க வேண்டாம். சப்ளையர், வாடிக்கையாளர் வழி வரும் ஸ்கோப் 3 உமிழ்வையும் அது கேட்கிறது. முதல் ஆண்டு மட்டும் சலுகை. பங்கு வாங்குபவருக்குப் பெரும்பாலும் எஸ்2 போதும் என்பேன். ஆனால் இன்று விடும் புகைக்கு நாளை அபராதம் வரலாமே? அந்த வாடையை முன்கூட்டியே பிடிக்க இஎஸ்ஆர்எஸ்தான் உதவும். என்ன, சுமை அதிகம். 2025இல் ஐரோப்பிய ஒன்றியமே அதைச் சுருக்கக் கிளம்பிவிட்டது.