10 பார் ஆயில் பிரஷர் கேஜ் செட்: ரீஃபர் யூனிட்டுக்கு வாங்கலாமா?

டிரெய்லரின் முகப்பில் இருக்கும் குளிர்சாதன யூனிட் (ரீஃபர்) ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது. தெர்மோ கிங் யூனிட்டாக இருந்தால் திரையில் 19 என்ற எண் வரும். என்ஜின் ஆயில் பிரஷர் குறைவு என்று அதற்குப் பொருள். உள்ளே −18 டிகிரியில் இருக்க வேண்டிய சரக்கு, வெளியே சிங்கப்பூரின் துவாஸ் வெயில். அந்தப் பதற்றத்தில் சிலர் ஆயில் பிரஷர் சுவிட்சை மாற்றுகிறார்கள், சிலர் என்ஜினையே இறக்கச் சொல்கிறார்கள். பிரஷர் நிஜமாகவே இறங்கியதா, இறங்கிவிட்டதாக சுவிட்ச் மட்டும் சொல்கிறதா என்று அதற்கு முன் தெரிந்தாக வேண்டும். அதைச் சொல்லக்கூடியது முள் ஓடும் மெக்கானிக்கல் கேஜ் ஒன்றுதான்.

பிளாஸ்டிக் பெட்டியில் வரும் சாதாரண என்ஜின் ஆயில் பிரஷர் கேஜ் செட்டைப் பற்றியது இந்த மதிப்பீடு. கடைக்குக் கடை பெட்டியின் மேல் பெயர் மாறும். உள்ளே ஒரு கேஜ், ஒரு ரப்பர் ஹோஸ், ஏழெட்டு பித்தளை அடாப்டர்கள். கேஜில் 0 முதல் 10 பார், பக்கத்திலேயே 0 முதல் 140 பிஎஸ்ஐ. எங்கள் தீர்ப்பு: வாங்கலாம். ஆனால் பெட்டியில் இருப்பதை அப்படியே எடுத்து ரீஃபரில் மாட்டக் கூடாது.

முதல் குறை கேஜின் அளவில் இருக்கிறது. கேஜின் துல்லிய வகுப்பு 2.5 என்றால், முழு அளவில் 2.5 சதவீதம் பிழை இருக்கலாம். 10 பாருக்கு அது 0.25 பார், அதாவது சுமார் 3.6 பிஎஸ்ஐ. முள் எங்கே நின்றாலும் இதே அளவு பிழைக்கு இடமுண்டு. லாரி என்ஜினில் 60 பிஎஸ்ஐ பார்க்கும்போது இது பெரிதல்ல. தெர்மோ கிங் டிரெய்லர் யூனிட்டுகளில் பரவலாக இருக்கும் டிகே486 என்ஜினுக்கோ, சூடான நிலையில் குறைந்த வேகத்தில் குறைந்தபட்சம் 18 பிஎஸ்ஐ, அதிக வேகத்தில் குறைந்தபட்சம் 45 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். 18ஐ அளக்கும் இடத்தில் 3.6 பிழை என்றால், நல்ல என்ஜினைக் கெட்டது என்றும் கெட்டதை நல்லது என்றும் சொல்லிவிடலாம். 0 முதல் 7 பார் வரை உள்ள, வகுப்பு 1.6 கேஜைத் தனியாக வாங்கிப் போட்டால் பிழை 1.6 பிஎஸ்ஐ அளவுக்குக் குறையும். கிளிசரின் நிரப்பியதாக வாங்குங்கள். உலர்ந்த கேஜில் டீசல் என்ஜினின் அதிர்வுக்கு முள் நடுங்கும், 16 எது 20 எது என்று படிக்க முடியாது.

இரண்டாவது குறை மரை. இதுதான் ஆபத்தானது. இந்தப் பெட்டிகள் பலவற்றில் 1/8 அங்குல அடாப்டர் அமெரிக்க என்பிடி மரையில் வருகிறது: அங்குலத்துக்கு 27 மரை, 60 டிகிரி கோணம். ஜப்பானிய டீசல் என்ஜின்களின் ஆயில் சுவிட்ச் துளையில் பெரும்பாலும் பிஎஸ்பிடி மரை: 28 மரை, 55 டிகிரி. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று இரண்டு சுற்று நன்றாகவே ஏறும், அதனால்தான் ஏமாறுகிறோம். மூன்றாவது சுற்றில் இறுகும்போது ஸ்பேனரால் தள்ளினால் துளையின் மரை வழிந்துவிடும். கழற்றிய சுவிட்சின் மேல் மரையை அளக்கும் சீப்பு கேஜை வைத்துப் பார்த்துவிட்டு அடாப்டரைத் தேர்ந்தெடுங்கள். சரியான அடாப்டர், ஹைட்ராலிக் ஹோஸ் அடித்துத் தரும் எந்தக் கடையிலும் சில வெள்ளிக்குக் கிடைக்கும்.

அதே கடையில் மூன்று வாய் உள்ள ஒரு டீ (T வடிவ) இணைப்பும் வாங்கிவிடுங்கள். பெட்டியில் அது இல்லை, இருந்திருக்க வேண்டும். சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் கேஜை மட்டும் மாட்டினால், யூனிட் பாதுகாப்பு இல்லாமல் ஓடும். பெரும்பாலான யூனிட்டுகளில் இந்த சுவிட்ச் பிரஷர் இல்லாதபோது மூடியிருக்கும், பிரஷர் ஏறியதும் திறக்கும். ஒயரைக் கழற்றித் தொங்கவிட்டால் கண்ட்ரோலருக்கு அது 'பிரஷர் நன்றாக இருக்கிறது' என்றே தெரியும். பேரிங் உருகினாலும் யூனிட் நிற்காது. டீயின் ஒரு வாயில் சுவிட்ச், இன்னொரு வாயில் கேஜ் என்று மாட்டினால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசும்.

ஒற்றை ஒயர் சுவிட்சுக்கு எர்த் அதன் உடல் வழியாகத்தான் கிடைக்கிறது. டீயில் டெஃப்லான் டேப்பை நாலு சுற்று சுற்றினால் அந்த எர்த் அறுந்துபோகலாம். பேஸ்ட் சீலன்ட் போதும். மாட்டிய பிறகு மல்டிமீட்டரில் சுவிட்ச் உடலுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் இடையே பூஜ்யத்தை ஒட்டி ஓம் காட்டுகிறதா என்று பாருங்கள்.

கை வைக்கும் முன் யூனிட்டின் ஆன்-ஆஃப் சுவிட்சை ஆஃபில் போட்டு, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளையும் கழற்றுங்கள். ரீஃபர் யூனிட் தானாகவே ஸ்டார்ட் ஆகும் இயந்திரம். 'இப்போது நின்றுதானே இருக்கிறது' என்று பெல்ட்டுக்குப் பக்கத்தில் கை வைப்பவர்கள் விரலை இழக்கிறார்கள். ஹோஸை எக்ஸாஸ்ட் பக்கம் போகாமல், பெல்ட்டில் சிக்காமல் கட்டுங்கள். பெட்டியில் வரும் ஹோஸ் டிரெய்லர் யூனிட்டுக்குக் கொஞ்சம் குட்டை. கேஜைக் கதவுக்கு வெளியே தொங்கவிட முடியாவிட்டால் நீளமாக ஒன்று அடித்துக்கொள்வது நல்லது.

கேஜுக்கு முன்னால் டிப்ஸ்டிக். டிரெய்லர் சமதளத்தில் நிற்க வேண்டும், யூனிட் நின்று பத்து நிமிடம் ஆகியிருக்க வேண்டும். டிகே486 கொள்ளளவு 11.4 லிட்டர், பைபாஸ் ஃபில்டர் இருந்தால் 12.3. அளவு குறைவு என்றால் காரணம் வெளிப்படை. மட்டம் ஃபுல் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் இன்னும் கவலைப்படுங்கள்: முகர்ந்து பாருங்கள், டீசல் வாடை அடித்தால் இன்ஜெக்டர் அல்லது இன்ஜெக்ஷன் பம்ப் சீல் வழியாக டீசல் கலக்கிறது. நீர்த்த எண்ணெய் சூட்டில் தண்ணீராக ஓடும், பிரஷர் நிற்காது. பால் கலந்த டீ நிறம் என்றால் கூலன்ட். இந்த இரண்டில் எது இருந்தாலும் அந்த எண்ணெயில் என்ஜினை ஓட்டி அளக்க வேண்டாம்.

இப்போது ஓட்டுங்கள். பத்து நிமிடத்தில் எடுத்த ரீடிங்கை நம்பாதீர்கள். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் தேய்ந்த என்ஜினும் நல்ல பிரஷர் காட்டும். கூலன்ட் முழுச் சூட்டுக்கு வந்த பிறகு, வேகத்தை நாமே தேர்ந்து ஓட்டும் சர்வீஸ் டெஸ்ட் மோடில் குறைந்த வேகம், அதிக வேகம் இரண்டிலும் எழுதிக்கொள்ளுங்கள்.

கேஜ் நல்ல பிரஷர் காட்டும்போதே அலாரம் வந்தால், கோளாறு சுவிட்சிலோ ஒயரிலோ. ஒயரின் தோல் உரிந்து சேஸில் படுவது, சுவிட்சின் கோளாறு போலவே தோன்றும். சுவிட்சிலிருந்து ஒயரைக் கழற்றிய பிறகும் அலாரம் வருகிறதா என்று, பக்கத்தில் நின்று கேஜைப் பார்த்தபடி சில நொடிகள் மட்டும் சோதித்தால் பிரித்துவிடலாம். வந்தால் ஒயர், போனால் சுவிட்ச்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. டிகே486இல் சுவிட்சின் வரம்பு 17 பிஎஸ்ஐ, கூட்டல் கழித்தல் 3. 20 பிஎஸ்ஐயிலேயே மூடும் சுவிட்சும் நல்ல சுவிட்ச்தான். 18 பிஎஸ்ஐ தரும் என்ஜினும் நல்ல என்ஜின்தான். இரண்டும் ஒரே யூனிட்டில் சேர்ந்தால் அலாரம் வரும். சரக்கு குளிர்ந்து முடிந்து, சூடான என்ஜின் குறைந்த வேகத்துக்கு இறங்கியதும் இது நடக்கும். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் ஓட்டம் நின்றுபோகும், பட்டறைக்கு வந்தால் ஒன்றுமே காட்டாது என்று சொல்லப்படும் யூனிட்டுகளில் இதையும் சோதித்துப் பாருங்கள்.

கேஜே குறைவாகக் காட்டினால், எந்த வேகத்தில் என்பதுதான் தடயம். குளிரில் நன்றாக இருந்து, சூட்டில் குறைந்த வேகத்தில் மட்டும் விழுந்தால் மெலிந்த எண்ணெய் அல்லது பேரிங் தேய்மானம். 15டபிள்யூ-40 எண்ணெயைப் புதிதாக மாற்றி, ஃபில்டரும் மாற்றி, மறுபடி அளங்கள். கழற்றிய ஃபில்டரை வெட்டித் திறந்து, காகித மடிப்பில் பளபளக்கும் துகள் இருக்கிறதா பாருங்கள்; செம்பு நிறம் தெரிந்தால் தேய்மானம் பேரிங்கின் மேல்பூச்சைத் தாண்டிவிட்டது. காந்தத்தில் ஒட்டவில்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம், பேரிங் உலோகம் ஒட்டாது. இந்தக் கட்டத்தில் இன்னும் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றிப் பிரஷரை ஏற்றிக் காட்டுவது நேர்மையான வேலை அல்ல. முள் ஏறும், தேய்மானம் அப்படியே இருக்கும்.

இரண்டு வேகத்திலும் ஒரேயடியாகக் குறைவு என்றால், முதலில் பிரஷர் ரெகுலேட்டிங் வால்வைக் கழற்றுங்கள். ஒரு சின்னத் துகள் அதைத் திறந்தபடி பிடித்து வைத்திருக்கலாம். பிளஞ்சர் தடையில்லாமல் நகர்கிறதா, ஸ்பிரிங் உடையாமல் இருக்கிறதா பாருங்கள். அது சரி என்றால்தான் சம்ப்பை (அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியை) கழற்றி உறிஞ்சு குழாய், வலை, பம்ப் என்று போக வேண்டும். எண்ணெய் மாற்றிய அன்றே பிரஷர் போனால் ஃபில்டரைப் பாருங்கள்: பழைய ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டு, புதியது அதன் மேல் உட்கார்ந்தால் எண்ணெய் வெளியே கொட்டும். தட்டும் சத்தம் கேட்டால் எதையும் அளக்காமல் உடனே நிறுத்துங்கள்.

கேரியர் நிறுவனத்தின் யூனிட்டுகளில் குபோட்டா என்ஜின்; கேஜ் வேலை இதேதான், வரம்பு எண்கள் வேறு. அந்த மாடலின் கையேட்டில் உள்ள எண்ணைக் கேஜ் பெட்டியின் மூடிக்குள் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஒரே ஒரு யூனிட் வைத்திருப்பவர் இந்த முழுப் பெட்டியை வாங்கத் தேவையில்லை. 7 பார் கிளிசரின் கேஜ், ஒரு ஹோஸ், ஒரு அடாப்டர், ஒரு டீ போதும். பல மாடல்களைப் பார்க்கும் பட்டறைக்குப் பெட்டி பயன்படும், கேஜை மட்டும் மாற்றி. வாங்கும்போது கடையிலேயே கேஜை வெளியே எடுத்து முள்ளைப் பாருங்கள். பூஜ்யத்தில் உட்காராத முள்ளை வாங்காதீர்கள். விரலால் தட்டியபின் வேறு இடத்தில் நின்றால் அதையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.