குடோன் வாங்குகிறீர்களா? ‘பார்வைக்கு எட்டியவரை நன்று’ என்று எழுதும் சர்வேயரிடம் உஷார்

கும்பகோணம் பக்கம் ஒரு நெல் குடோன் கைமாறியது. வாங்கியவர் கட்டடத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு சர்வேயருக்குத் தனியாகப் பணம் கட்டினார். கைக்கு வந்தது ஆறு பக்கம்: பத்திரத்திலிருந்து அப்படியே எடுத்த அளவு, வாசலில் நின்று பிடித்த நான்கு போட்டோ, ‘பார்வைக்கு எட்டியவரை அஸ்திவாரம், தரை, கூரை நன்று’ என்று ஒரு வரி. ஐப்பசி அடைமழையில் அடி அடுக்கு மூட்டைகள் முளை கட்டிவிட்டன. கேட்டால், அந்த ‘பார்வைக்கு எட்டியவரை’யைக் காட்டி ஆள் நழுவிவிட்டார்.

ஆய்வு நடந்தது சித்திரையில். மேட்டூர் திறப்பதே வழக்கப்படி ஜூன் 12. வாய்க்கால் வறண்டு கிடக்கிற மாதத்தில் பார்த்தால் டெல்டாவில் எல்லாக் கட்டடமும் நல்ல கட்டடம்தான்.

முதலில் பார்த்திருக்க வேண்டியது ரோடு மட்டம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில், நடுரோடு குடோன் தரையைவிட ஒரு சாண் உயர்ந்துவிட்டது. டியூப் லெவலும் (மட்டம் பார்க்கும் தண்ணீர் நிரப்பிய டியூப்) இரண்டு ஆளும் இருந்தால் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். உள்சுவரில் இடுப்பளவுக்கு மட்டும் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தால் தண்ணீர் நின்ற தடத்தை மறைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். ஒரு ரூபாய் காசால் சுரண்டினால், உப்புப் பூத்த பூச்சு மாவாக உதிரும்.

கூரைக்கு ஏணியே போடவில்லை. பகல் 12 மணிக்கு ஷட்டரை இறக்கி, லைட்டை அணைத்துவிட்டு நின்றால் போல்ட் ஓட்டைகளில் வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரியும். நாகை, வேதாரண்யம் பக்கம் இன்னும் கவனம் தேவை. 2018 நவம்பர் கஜா புயலுக்குப் பிறகு ஷீட்டை மட்டும் மாற்றி, அதைத் தாங்கும் பழைய பர்லினிலேயே (குறுக்குச் சட்டம்) போல்ட் முறுக்கி வைத்திருக்கலாம். கூரையைச் சுமக்கும் முக்கோண இரும்புச் சட்டமான டிரஸ் சுவரில் உட்காரும் இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், துரு அங்கேதான் தின்றிருக்கும்.

முன்பு உரம் அடுக்கிய குடோனா என்று கேட்காமல் விடாதீர்கள். பொட்டாஷ் உரம் குளோரைடு உப்பு. ஈரத்தோடு கான்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பியை அரிக்கும். தூணின் அடி இரண்டடியைத் தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கும். புதிதாக உடைத்த இடத்தில் காரத்தன்மையை நிறத்தால் காட்டும் பினாப்தலின் கரைசல் தெளித்தால் நல்ல கான்கிரீட் ரோஸ் நிறமாகும். கம்பிவரை நிறம் மாறவில்லை என்றால் கான்கிரீட்டின் காரத்தன்மை போய்விட்டது, கம்பிக்குக் காவல் இல்லை. அதே சமயம், ரோஸ் ஆனதாலேயே குளோரைடு இல்லை என்று அர்த்தமில்லை. அதற்குத் தனியாக லேப் டெஸ்ட் வேண்டும்.

மாடியில் மூட்டை அடுக்கும் எண்ணம் இருந்தால் பிளான் அப்ரூவலைப் பாருங்கள். தளம் தாங்க வேண்டிய சுமை, கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 875 கணக்கில், வீட்டு அறைக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ, கடைக்கு 400, குடோனுக்குக் குறைந்தது 750.

அடுத்தது நிலம். பத்திரத்தில் 2 மா 40 குழி. தஞ்சாவூர்க் கணக்கில் ஒரு குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா. ஆக 34,560 சதுர அடி, 79 சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். காகிதத்தில் சரிதான். புல வரைபடத்தை வைத்து டேப் பிடித்தால் பின்சுவர் வடிகால் வாய்க்கால் புறம்போக்கில் மூன்று மீட்டர் ஏறி நிற்கிறது. தண்ணீர் ஏன் திரும்பி உள்ளே வந்தது என்பதற்கும் அதுதான் பதில். நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டையும் சேர்த்துப் பாருங்கள். டவுனுக்குள் கடை என்றால் அடிமனை கோயிலுடையதா, மடத்துடையதா என்பதையும். அப்படியானால் நீங்கள் வாங்குவது சுவரும் கூரையும் மட்டுமே.

பேங்குக்காகப் போடும் வேல்யூவேஷன் கடனுக்கான விலை மதிப்பு, கட்டட ஆய்வு அல்ல. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே எழுதி வாங்குங்கள்: கூரை ஏறுவாரா, எத்தனை தூணில் டெஸ்ட், லெவல் எடுப்பாரா, எதை எல்லாம் பார்க்கமாட்டார்.

ஏமாந்துவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம். ஆனால் வாங்கியது வணிக நோக்கத்துக்கு, நீங்கள் நுகர்வோரே அல்ல என்று எதிர்த்தரப்பு முதல் நாளே வாதாடும். சொந்தப் பிழைப்புக்காக நீங்களே நடத்தும் தொழில் என்றால் விதிவிலக்கு உண்டு. அதைக் காட்டும் காகிதங்களோடு வக்கீலிடம் போங்கள்.