ஒட்டகச்சிவிங்கிப் பெட்டியும் ஒட்டுசுட்டான் யானையும்

பெட்டியின் மேல் ஒட்டகச்சிவிங்கிப் படம். உள்ளே 50 பிளாஸ்ரிக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் பாதிக்குச் சிலிக்கா மணி, ஈரத்தை உறிஞ்ச; அதன் மேல் வடிதாள். கூடவே ஒரு சின்னக் கரண்டி. காட்டு விலங்கைத் தொடாமல், அதன் எச்சத்திலிருந்து டி.என்.ஏ எடுக்க உதவும் பெட்டி; ஒட்டகச்சிவிங்கியை மனதில் வைத்துச் செய்தது. இலங்கையின் வன்னியில், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் ஆய்வுக் குழுவொன்றுக்கு யானை லத்தி சேர்ப்பது என் வேலை. மூன்று மாதம் பாவித்துவிட்டு எழுதுகிறேன்.

ஒட்டகச்சிவிங்கி போடுவது புழுக்கை. அப்படியே குழாய்க்குள் போட்டு மூடலாம். யானை லத்தி தேங்காயைவிடப் பெரிசு. நடுவில் கிண்டினால் நாரும் பக்டீரியாவும்தான் வரும்; யானையின் டி.என்.ஏ உள்ள, குடலில் உரிந்த கலங்கள் வெளிப்பக்க வழுவழுப்பில்தான் ஒட்டியிருக்கும். அதைச் சுரண்ட அந்தக் கரண்டி உதவாது. நான் ஐஸ்கிறீம் தடி வைத்திருக்கிறேன், ஒரு லத்திக்கு ஒன்று.

கூட வந்த விளக்கத்தாள் அருமை. வெயிலும் ஈரமும் டி.என்.ஏயைத் துண்டுதுண்டாக்கிவிடும், ஆகவே குட்டையான மைக்ரோசற்றலைட் குறிப்பான்களையே (ஒரு சின்ன எழுத்துவரிசை திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ இடங்கள்; விலங்குக்கு விலங்கு நீளம் மாறும்) தெரிவுசெய்யுங்கள் என்கிறது. டி.என்.ஏயை நகலெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர் வேலைக்கு, தின்ற இலையின் டி.என்.ஏயில் ஒட்டாத பிறைமரும், அதாவது நகலெடுப்பைத் தொடக்கும் சிறு துண்டும், வேண்டுமாம். ஓர் இடத்துக்குத் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக வந்த இரண்டு வடிவங்களில் (எதிருருக்களில்) ஒன்று பி.சி.ஆரில் தவறினால் ஒரே விலங்கு கணக்கில் இரண்டாகிவிடும். அதனால் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும். யானைக்கும் இதே கதைதான்.

கோடையில் சிலிக்கா பிழையில்லை. கார்த்திகை மழையில், முத்தையன்கட்டுக் குளத்து அலைகரையில், செம்மஞ்சள் மணியெல்லாம் ஈரம் குடித்து மத்தியானத்துக்குள் பச்சையாகிவிட்டது. பிறகு ஒருநாள் எதனோலில் ஊறவைத்து, அடுத்தநாள் சிலிக்காவுக்கு மாற்றினோம். மனிதக்குரங்கு எச்சத்தில் 2004இலேயே சோதித்துக் காட்டிய முறை. அங்கேதான் மூடியின் குணம் தெரிந்தது. மோட்டார் சைக்கிள் குலுக்கலில் எதனோல் கசிந்து, மார்க்கர் எழுத்தெல்லாம் அழிந்து, 11 குழாய் இலக்கமில்லாமல் நின்றன. அவ்வளவும் குப்பை. இப்போது பென்சிலால் எழுதிய கடதாசித் துண்டொன்றைக் குழாய்க்குள்ளேயே போடுகிறேன்.

ஐந்துக்கு மூன்று புள்ளி. கோடைக்கு மட்டும் வாங்கலாம். மாரிக்கென்றால் றப்பர் வளையம் வைத்த மூடியுள்ள குழாய் வேறாக எடுங்கள்.

போன கிழமை ஒரு அம்மா படலையில் மறித்தார்.

"தம்பி, உதை வச்சு என்ர வாழையை முறிச்ச யானையைப் பிடிக்கலாமோ?"

"ஆரெண்டு சொல்லலாம் அம்மா, லத்தி போட்டிருந்தால்."

"கிணத்தடிக்குப் பின்னால கிடக்கு, வாங்கோ."

மூன்று நாள் வெயிலில் காய்ந்தது. அதற்கும் ஒரு குழாய் செலவழித்தேன்.